எடைக் கருவியிலிருந்து தொடங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக் குழந்தைகளின் உடல் பருமனைத் தடுப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பருவத்துக்கு ஒரு முறை எல்லா மாணவர்களுக்கும் எடை பார்க்க வேண்டும், எடை கூடிய பிள்ளைகளின் பட்டியலைத் தயாரித்துப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக உடற்பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும் என்று அதில் யோசனை சொல்லியிருந்தார்கள். நான் உடற்கல்வி ஆசிரியை. அப்படி ஒரு தனி வகுப்பு வந்தால் அதை நடத்தப்போவது என்னைப் போன்றவர்கள்தான். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. கட்டுரையாளரின் கவலை முழுக்க நியாயமானது. ஆனால் அவர் காட்டும் வழியில் போனால், எந்தப் பிள்ளைக்கு உதவ நினைக்கிறாரோ அந்தப் பிள்ளையைத்தான் முதலில் மைதானத்திலிருந்து விரட்டுவோம்.

பிரச்சினையின் அளவைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் அதிக எடையுடன் இருந்தார்கள். அவர்களில் 16 கோடிப் பேருக்கு உடல் பருமன். 1990இல் இந்த வயதினரில் 8 சதவீதமாக இருந்த அதிக எடை 2022இல் 20 சதவீதமாகிவிட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் உடல் பருமன் உள்ளவர்கள் 9.4 சதவீதம், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம் என்று 2025இல் யுனிசெஃப் அறிவித்தது. தெற்காசியாவும் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவும் நீங்கலாக, உலகின் மற்றப் பகுதிகளில் எல்லாம் பருமன் எடைக்குறைவை முந்தும் இந்த மாற்றம் நடந்துவிட்டது. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, கல்லீரலில் கொழுப்பு எல்லாம் இப்போது பிள்ளைகளிடமும் தென்படுகின்றன. பள்ளி இதில் தலையிட்டே ஆக வேண்டும். எப்படித் தலையிடுவது என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

பள்ளியில் எடை பார்ப்பது எப்படி நடக்கும் என்று கட்டுரையாளர் நேரில் பார்த்திருப்பாரா தெரியவில்லை. தாழ்வாரத்தில் கருவியை வைப்போம். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்பார்கள். ஓர் ஆசிரியர் எண்ணைப் படிப்பார், இன்னொருவர் பதிவேட்டில் எழுதுவார். தூரத்தில் உட்கார்ந்து எழுதுபவருக்குக் கேட்க வேண்டுமே என்று படிப்பவர் சத்தமாகச் சொல்வார். வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் அது கேட்கும். அந்த எண் அன்று மாலைக்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிடும். அதற்கடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். எடை பார்க்கும் நாள் முன்கூட்டியே தெரிந்தால் சில பிள்ளைகள் பள்ளிக்கே வருவதில்லை. பெண் பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். திரை கட்டி, ஒவ்வொருவராக அழைத்து, எண்ணை வாய்விட்டுப் படிக்காமல் எழுதினால் இதில் பாதி குறையும். ஆனால் கூட்டமான பள்ளியில், ஒரே நாளில் எல்லா வகுப்பையும் முடித்தாக வேண்டிய அவசரத்தில், அந்தக் கண்ணியம்தான் முதலில் காணாமல் போகிறது.

இவ்வளவு சங்கடத்துக்குப் பிறகாவது பலன் இருக்கிறதா என்று பார்ப்போம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 79 பள்ளிகளில் 28,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து இதையே சோதித்தார்கள். பிள்ளையின் பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிட்டுக் கணக்கிடும் எண்) அறிக்கையைப் பெற்றோருக்கு அனுப்பினால் எடையில் மாற்றம் வருகிறதா என்பது கேள்வி. முடிவு 2021இல் வெளிவந்தது. அறிக்கை அனுப்பியதால் எடையில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் எடை பார்க்காத பள்ளிகளோடு ஒப்பிட்டபோது, எடை பார்த்த பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தங்கள் உடல்மீது அதிருப்தி கூடியிருந்தது. எடையைப் பற்றிய பேச்சும் பிள்ளைகளுக்குள் அதிகமாகியிருந்தது.

தனி வகுப்பு யோசனைக்கும் முன்னுதாரணம் உண்டு. சிங்கப்பூர் 1992இல் அப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எடை கூடிய மாணவர்களைப் பிரித்து அவர்களுக்கு மட்டும் கூடுதல் உடற்பயிற்சி கொடுத்தார்கள். உடல் பருமன் குறைந்ததாகப் புள்ளிவிவரமும் வந்தது. ஆனாலும் பிள்ளைகள் கேலிக்கு ஆளாகிறார்கள், மனம் நோகிறார்கள் என்ற குறை தொடர்ந்து எழுந்தது. 2007இல் அதைக் கைவிட்டு, எல்லா மாணவர்களுக்குமான பொது ஆரோக்கியத் திட்டத்துக்கு மாறினார்கள். 15 ஆண்டுகள் நடத்திப் பார்த்தவர்களே விட்டுவிட்ட வழி அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளையின் பி.எம்.ஐ.யைப் பெரியவர்களின் அளவுகோலில் படிக்க முடியாது. 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் பருமன் என்ற கணக்கு வளர்ந்தவர்களுக்கானது. பிள்ளைகளுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து வளர்ச்சி அட்டவணையில் பார்க்க வேண்டும். பூப்படையும் வயதில் பெண் பிள்ளையின் உடலில் கொழுப்பு கூடுவது இயல்பு. உயரம் சடசடவென்று கூடுவதற்கு முன்னால் சில பையன்கள் கொஞ்சம் சதை போட்டு, அப்புறம் ஓராண்டில் இழுத்துவிட்டதுபோல் வளர்ந்துவிடுவார்கள். ஒரே ஒரு நாள் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தொடர்ச்சியாகப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவரோ செவிலியரோதான்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு. பருமனான குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பதின்பருவத்திலும் அப்படியே இருக்கிறார்கள், பருமனான பதின்பருவத்தினரில் சுமார் 80 சதவீதம் பேர் பெரியவர்களான பிறகும் அப்படியே இருக்கிறார்கள் என்று அது காட்டியது. இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதே ஆய்வு சொன்ன அடுத்த செய்தியை அதிகம் பேர் சொல்வதில்லை. பருமனான பெரியவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் சிறுவயதிலோ பதின்பருவத்திலோ பருமனாக இருந்தவர்களே அல்லர். அதாவது இன்று என் வகுப்பில் ஒல்லியாக, பட்டியலில் இடம்பெறாமல் இருக்கும் பிள்ளைகளிலிருந்துதான் நாளைய பருமனான பெரியவர்களில் பெரும்பாலானோர் வரப்போகிறார்கள். பட்டியல் போட்டுப் பத்துப் பேரைத் தனியாக ஓடவிட்டால் மற்றவர்களிடம் நாம் சொல்லும் செய்தி என்ன? உனக்கு ஒன்றும் இல்லை, நீ குளிர்பானம் குடி, உட்கார்ந்திரு என்பதுதானே?

எனவே பள்ளி செய்ய வேண்டியது பள்ளியை மாற்றுவது. எல்லாப் பிள்ளைகளும் குடிப்பதை, தின்பதை, ஓடியாடும் நேரத்தை மாற்றுவது.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மனியில் டோர்ட்மண்ட், எஸ்ஸன் ஆகிய இரு நகரங்களில் வசதி குறைந்த பகுதிகளிலுள்ள 32 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுப் பள்ளிகளில் குடிநீர்க் குழாய்கள் அமைத்து, தண்ணீர் குடிப்பதைப் பற்றி நான்கே வகுப்புகள் எடுத்தார்கள். 2009இல் வந்த முடிவின்படி அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு ஒரு டம்ளருக்குச் சற்று மேல் கூடுதலாகத் தண்ணீர் குடித்தார்கள். அதிக எடைக்குள் போகும் அபாயம் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிட 31 சதவீதம் குறைவாக இருந்தது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் உணவுக்கூடங்களில் குளிர்ந்த குடிநீர் இயந்திரம் வைத்தபோதும் மாணவர்களின் எடையில் சிறிய, ஆனால் உண்மையான மாற்றம் தெரிந்தது. அது 2016இல் வந்த ஆய்வு. இரண்டிலும் யாரையும் குண்டு என்று சொல்லவில்லை. யாருக்கும் தடை போடவில்லை. தண்ணீரைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் குழாய் வைத்தால் மட்டும் பிள்ளைகள் தண்ணீர் குடித்துவிட மாட்டார்கள். இது பள்ளியில் இருப்பவர்களுக்குத் தெரியும், திட்டம் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. கழிப்பறை நாற்றமடித்தால், தாழ்ப்பாள் இல்லாவிட்டால், இடைவேளையில் வரிசை நீளமாக இருந்தால், பெண் பிள்ளைகள் காலையிலிருந்து மாலைவரை தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். பாட்டிலை நிரப்பியபடியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவார்கள். பள்ளி முடிந்ததும் தாகத்தோடு கையில் கிடைக்கும் இனிப்புப் பானத்தை ஒரே மூச்சில் குடிப்பார்கள். ஆகவே உடல் பருமன் தடுப்புக்கு என்று பணம் ஒதுக்கினால் அதில் ஒரு பங்கு கழிப்பறைத் தாழ்ப்பாளுக்குப் போகட்டும். இதை நான் மிகவும் பொறுப்போடு சொல்கிறேன்.

அந்த இனிப்புப் பானத்தின் கணக்கைப் பாருங்கள். சாதாரண 330 மில்லிலிட்டர் டின்னில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாளுக்கு 1,600 கலோரி தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 40 கிராம் ஆகிறது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது அந்த நிறுவனம். அது 20 கிராம். ஆக ஒரே டின்னில் கிட்டத்தட்ட முழு நாளின் ஒதுக்கீடும் தீர்ந்துபோகிறது. அதிலுள்ள 140 கலோரியைச் செலவழிக்க 30 கிலோ எடையுள்ள பிள்ளை ஏறக்குறைய அரை மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். உடற்கல்வி ஆசிரியை நானே சொல்கிறேன், குடித்ததை ஓடிக் கரைத்துவிடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஆறு தொடக்கப் பள்ளிகளில் 7 முதல் 11 வயது வரையுள்ள 644 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பருவத்துக்கு ஒரு மணி நேரம், குளிர்பானத்தைக் குறைப்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள். ஓராண்டு முடிவில் திட்டம் நடக்காத வகுப்புகளில் அதிக எடையுள்ளவர்களின் பங்கு 7.5 சதவீதம் கூடியிருந்தது. திட்டம் நடந்த வகுப்புகளில் கூடவில்லை, 0.2 சதவீதம் குறைந்திருந்தது. 2004இல் இது பெரிய செய்தி. ஆனால் திட்டம் நின்று இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைத் திரும்பப் பார்த்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. வாய்ப்பாட்டைக்கூட ஓராண்டு சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்தினால் மறந்துவிடுவார்கள். திட்டம் என்ற பெயரில் ஓராண்டு ஆரவாரம் செய்துவிட்டு அடுத்த ஆண்டு வேறு திட்டத்துக்குப் போகும் வழக்கம்தான் எனக்கு வருத்தம்.

பள்ளிக்குள் விற்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் வாதாடவே எதுவும் இல்லை. வகுப்பில் சத்துணவுப் பிரமிடை வரையச் சொல்லிவிட்டு, இடைவேளையில் அதே வளாகத்தில் சர்க்கரைப் பானமும் உப்பு மிகுந்த சிப்ஸ் பாக்கெட்டும் விற்றால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? சிலி நாடு 2016இல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ அதிகம் என்று எச்சரிக்கை முத்திரை பெற்ற உணவுகளைப் பள்ளிகளில் விற்கத் தடை போட்டது. மெக்சிகோ 2025 மார்ச் முதல் அதையே செய்திருக்கிறது. சமையலறையையும் மாற்ற முடியும். 1990களில் அமெரிக்காவில் 96 பள்ளிகளில் நடந்த 'கேட்ச்' திட்டத்தில் மதிய உணவின் கலோரியில் கொழுப்பின் பங்கு 38.7 சதவீதத்திலிருந்து 31.9 ஆக இறங்கியது. சமைப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததால்தான் அது நடந்தது. பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்லி அல்ல. இதோடு, நன்றாகப் படித்தால் சாக்லேட், போட்டியில் வென்றால் மிட்டாய் என்று ஆசிரியர்கள் நாமே கொடுப்பதையும் நிறுத்தலாம். பென்சிலோ, விளையாட்டுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடமோ கொடுத்தால் பிள்ளைகள் துள்ளுகிறார்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 5 முதல் 17 வயது வரை நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு உடல் அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் உலக அளவில் 81 சதவீதம் பேர் இதை எட்டவில்லை. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பள்ளியில் வாரத்துக்கு ஓரிரண்டு பி.டி. பீரியட் இருக்கும். தேர்வு நெருங்கினால் அதையும் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ கேட்டு வாங்கிக்கொள்வார்கள். "பாடம் முடியல மிஸ், இந்த ஒரு வாரம் மட்டும்" என்பார்கள். அந்த ஒரு வாரம் தேர்வு முடியும்வரை நீளும். எடை பார்க்க நாள் ஒதுக்கத் தயாராக இருக்கும் நிர்வாகம் முதலில் இந்த பீரியடைக் காப்பாற்றித் தரட்டும்.

கிடைக்கும் பீரியடிலும் பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு நேரம் அசைகிறார்கள் என்று யாராவது கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். 40 நிமிட வகுப்பு. மைதானத்துக்கு வந்து வரிசை கட்டவும் வருகை எடுக்கவும் பத்து நிமிடம் போகும். 40 பேருக்கு இரண்டு பந்து. ஒருவர் வீசுவார், ஒருவர் பிடிப்பார், மீதிப் பேர் வரிசையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். தோற்றவர் வெளியேறும் ஆட்டங்கள் இதைவிடக் கேடு. நாற்காலிப் போட்டியில் முதலில் வெளியே போய் உட்காருவது யார்? மெதுவாக ஓடும் பிள்ளை. யாருக்கு ஆட்டம் அதிகம் தேவையோ அவரைத்தான் அந்த ஆட்டம் அதிக நேரம் உட்கார வைக்கிறது. நான் இப்போது அப்படிப்பட்ட ஆட்டங்களை வைப்பதில்லை. நான்கு பேர், ஐந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கயிறோ பந்தோ கொடுத்துவிடுகிறேன். பந்து போதவில்லை என்றால் துணியைச் சுருட்டிக் கட்டினாலும் ஆட்டம் நடக்கும்.

இரண்டு தலைவர்களை நிறுத்தி மாறிமாறி ஆள் எடுக்கச் சொல்லும் பழக்கத்தையும் எல்லாப் பள்ளிகளும் கைவிட வேண்டும். கடைசியில் மிஞ்சி நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் அந்தப் பிள்ளை "மிஸ், வயித்து வலி" என்று நிழலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது உண்மையில் வயிற்று வலி இல்லை என்று எனக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். தாமதமாக வந்தவனை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லும் தண்டனையும் போக வேண்டும். ஓட்டம் தண்டனை என்று பத்து வயதுவரை பழக்கிவிட்டு, அப்புறம் அது ஆரோக்கியம் என்று சொன்னால் எடுபடாது.

எடை கூடிய பிள்ளை சோம்பேறி என்று நினைப்பது மிகப் பெரிய தவறு. ஒவ்வோர் அடிக்கும் மற்றவர்களைவிட அதிக எடையைச் சுமந்துகொண்டு ஓடுகிறது அந்தப் பிள்ளை. தொடைகள் உரசிப் புண்ணாகும். வெயிலில் உடல் சீக்கிரம் சூடேறும். தொடக்கத்திலேயே நீண்ட ஓட்டம் கொடுத்தால் மூச்சு இரைத்து, எல்லோருக்கும் பின்னால் வந்து, அவமானத்தோடு முடிக்கும். அதே பிள்ளையிடம் குண்டு எறிதலையோ கயிறு இழுத்தலையோ கொடுத்துப் பாருங்கள். வகுப்பில் யாரும் பக்கத்தில் வர முடியாது. நீச்சல் வசதியுள்ள பள்ளிகளில் தண்ணீர் அந்த எடையைத் தாங்கிக்கொள்கிறது, மூட்டுக்கும் நோவு இல்லை. முதலில் ஜெயிக்கக்கூடிய ஓர் இடத்தைக் காட்டினால், தன்னம்பிக்கை வந்த பிறகு ஓடவும் வரும். தொளதொளப்பான விளையாட்டு உடை, உடை மாற்ற மறைவான இடம், மாதவிடாய் நாட்களில் கேள்வி கேட்காமல் இலகுவான பயிற்சி, இவை இருந்தால் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் நிழலை விட்டு எழுந்து வருவார்கள்.

ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் நகரின் ஒரு தொடக்கப் பள்ளியில், 2012இல் தலைமை ஆசிரியை எலைன் வைலி ஒரு காரியம் செய்தார். பிள்ளைகளை நாள்தோறும் 15 நிமிடம் வெளியே அழைத்துப் போய் அவரவர் வேகத்தில் ஓடவோ நடக்கவோ விட்டார். போட்டி இல்லை, தனிச் சீருடை இல்லை, நேரம் குறிப்பதில்லை, தோழியோடு பேசிக்கொண்டே போகலாம். 'டெய்லி மைல்' என்று அது பல நாடுகளுக்குப் பரவியது. 2018இல் வந்த ஆய்வில் அப்படிச் செய்த பிள்ளைகள் நாளுக்கு 9 நிமிடம் கூடுதலாக விறுவிறுப்பாக அசைந்தார்கள், 18 நிமிடம் குறைவாக உட்கார்ந்தார்கள், ஓடும் திறனும் கூடியது. பிறகு பர்மிங்காமில் 40 பள்ளிகளில் சோதித்தபோது ஓராண்டில் ஒட்டுமொத்த எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, பெண் பிள்ளைகளிடம் மட்டும் சிறிதளவு பலன் தெரிந்தது. எடை அசையவில்லை என்பதற்காக இதை விட்டுவிடலாமா? மூச்சு வாங்காமல் மாடி ஏறுவதும், உட்கார்ந்தே இருக்காமல் இருப்பதும் தம்மளவிலேயே பெரிய நன்மைகள் அல்லவா?

இந்த இடத்தில் கட்டுரையாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளித் திட்டங்கள் எடையில் உண்டாக்கும் மாற்றம் சிறியது. பல பெரிய ஆய்வுகளில் ஒன்றுமே இல்லை. அமெரிக்கப் பழங்குடிக் குழந்தைகள் 1,700 பேரிடம் 41 பள்ளிகளில் மூன்று ஆண்டுகள் நடந்த 'பாத்வேஸ்' திட்டம் உணவை மேம்படுத்தியது, உடல் கொழுப்பை மாற்றவில்லை. இங்கிலாந்தில் 54 பள்ளிகளில் நடந்து 2018இல் முடிவு வந்த 'வேவ்ஸ்' ஆய்விலும் எடையில் வித்தியாசம் இல்லை. 5 முதல் 11 வயதுக்கான 172 ஆய்வுகளைத் திரட்டி 2024இல் வெளியான, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, உடற்பயிற்சி சார்ந்த திட்டங்களுக்குச் சிறிய பலன் இருக்கலாம் என்ற அளவில்தான் பேசுகிறது. வீட்டில், தெருவில், திரையில் நடப்பவற்றைப் பள்ளி தனியாக ஈடுகட்ட முடியாது. எனவே ஓராண்டில் இத்தனை கிலோ குறைய வேண்டும் என்று பள்ளிக்கு இலக்கு வைக்காதீர்கள். இலக்கு வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பதிவேட்டில் எண் குறையும். பிள்ளைகள் பட்டினி கிடப்பார்கள்.

பள்ளியின் பங்கு எவ்வளவு பெரியது என்று வேறு ஒரு கோணத்தில் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு முடியும்வரை பின்தொடர்ந்தார்கள். பருமன் 8.9 சதவீதத்திலிருந்து 11.5 ஆக உயர்ந்திருந்தது. எப்போது உயர்ந்தது என்று பிரித்துப் பார்த்தால், அந்த உயர்வு முழுவதும் கோடை விடுமுறைகளில்தான். பள்ளி நடந்த மாதங்களில் உயரவே இல்லை. அந்தப் பள்ளிகளில் எல்லாம் அற்புதமான திட்டங்கள் இருந்தன என்பதில்லை. நேரத்துக்கு எழுவது, நேரத்துக்குச் சாப்பிடுவது, வகுப்பு நேரத்தில் கை தின்பண்டத்துக்குப் போகாமல் இருப்பது, இடைவேளையில் ஓடுவது, இரவு சீக்கிரம் படுப்பது என்ற சாதாரண ஒழுங்கே அவர்களைக் காத்திருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அப்படியானால் விடுமுறையில் பள்ளி மைதானத்தின் கதவைத் திறந்து வைப்பதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? ஒரு காவலாளி, ஒரு குடிநீர்க் குழாய், சில பந்துகள் போதும். எந்த எடைக் கருவியைவிடவும் இது மலிவு.

தூக்கத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். குறைவாகத் தூங்கும் பிள்ளைகளுக்குப் பருமன் வரும் வாய்ப்பு அதிகம் என்பது பலமுறை உறுதியானது. இரவு பத்துவரை எழுதும் அளவுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும் பள்ளி, உடல் பருமன் தடுப்புத் திட்டத்தில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஏற்கெனவே பருமனாக இருக்கும் பிள்ளையை அப்படியே விட்டுவிடுவதா? நிச்சயமாக இல்லை. கழுத்தின் பின்புறம் தோல் தடித்துக் கறுத்திருந்தாலோ, தூக்கத்தில் குறட்டை விட்டு வகுப்பில் சொக்கி விழுந்தாலோ, முழங்கால் அல்லது இடுப்பு வலிக்கிறது என்று நொண்டினாலோ நான் பெற்றோரைத் தனியாக அழைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்கிறேன். பிள்ளையின் முன்னால் எடையைப் பேசுவதில்லை. என்ன சாப்பிடக் கூடாது என்ற பட்டியலை நான் கொடுப்பதில்லை, அது என் படிப்பு அல்ல. வீட்டில் யாரைக் குறை சொல்வது என்றும் தேடுவதில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போய் இரவு திரும்பும் வீட்டில், மலிவாகவும் உடனேயும் கிடைப்பதைத்தான் பிள்ளை தின்னும். சில பிள்ளைகளுக்கு மரபுக் காரணமும் மருந்துகளின் பக்கவிளைவும் உண்டு. அந்தப் பெற்றோர் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்து திருந்த வேண்டியவர்கள் அல்லர். உதவி தேவைப்படுகிறவர்கள்.

அளக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அளக்க வேண்டியவை வேறு. பள்ளியில் எத்தனை குடிநீர்க் குழாய்கள் வேலை செய்கின்றன, எத்தனை கழிப்பறைகளுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, இந்த மாதம் எத்தனை பி.டி. பீரியட் உண்மையில் நடந்தது, அதில் ஒரு பிள்ளை எத்தனை நிமிடம் அசைந்தது, நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர், வளாகத்துக்குள் என்னென்ன விற்கப்பட்டது என்பவற்றை ஒவ்வொரு பருவமும் கணக்கெடுத்துப் பெற்றோர் கூட்டத்தில் படிக்கட்டும். இவை எல்லாம் பெரியவர்கள் பொறுப்பில் இருப்பவை. குறைவாக இருந்தால் வெட்கப்பட வேண்டியது நாம்தான், பிள்ளை அல்ல. நாட்டின் நிலையை அறிய எடைப் புள்ளிவிவரம் தேவை என்றால், சில பள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற செவிலியர்கள் மறைவாக அளந்து, பெயர் இல்லாமல் பதிவு செய்தால் போதும்.

கடைசியாகத் தங்களிடமே ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு ஒரு படம் வெளியாகியிருந்தது. சீருடை அணிந்த ஒரு சிறுவனின் வயிறு மட்டும் தெரிகிறது. கழுத்துக்கு மேலே வெட்டியிருக்கிறார்கள். அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பீர்கள். ஆனால் செய்தித்தாளைப் பள்ளி நூலகத்தில் விரிக்கும் பிள்ளைகள் அந்தப் படத்தைச் சுட்டிக்காட்டி, பக்கத்தில் இருப்பவனின் பெயரைச் சொல்கிறார்கள். இனி இந்தப் பொருளில் எழுதும்போது பிள்ளைகள் விளையாடும் படத்தையோ, தண்ணீர் குடிக்கும் படத்தையோ போடுங்கள். எல்லா அளவு உடல்களும் அதில் இருக்கட்டும். புகைப்படப் பிரிவிடம் இதை ஒரு நிலையான விதியாகச் சொல்லிவைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியை